தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பும் ஃபைல்கள்

மயில்தோகை காலண்டர்ஸ் ஆபீஸில் ஃபைல்கள் தண்ணீர் குடிக்கின்றன என்ற விஷயம், ஆடி பிறக்க ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வாக்கில்தான் வெளியே தெரிந்தது. அதற்கு முன்னால் எத்தனை மாசமாகக் குடித்துக்கொண்டிருந்தன, யார் பங்குத் தண்ணீரைக் குடித்தன என்பது யாருக்கும் தெரியாது, தெரிந்து இனிமேல் ஆகப்போவதும் ஒன்றுமில்லை. காலையில் கவிழ்த்து வைக்கிற இருபது லிட்டர் கேன் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே காலியாகிக்கொண்டிருந்தது. மிஷின்காரர்கள் டிசைன் பிரிவைக் கை காட்டினார்கள், டிசைன் பிரிவு காலண்டருக்குத் தகரப்பட்டை அடிக்கிற பெண்களைக் கை காட்டியது, அந்தப் பெண்களோ "நாங்க வீட்டுலருந்து பாட்டில்ல கொண்டாந்து குடிக்கிறோம், உங்க கேனை ஏறெடுத்துப் பாத்தமா" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கக் குனிந்துகொண்டார்கள். கேன் போடுகிற அய்யாத்துரை மட்டும் யார் மேலும் குற்றம் சொல்லாமல் இன்னொரு கேனைத் தோளில் தூக்கி வந்தார்.

சர்வர் ரூமைப் பார்த்துக்கொள்ளும் சண்முகக்கனிக்குக் கேனைப் பற்றி நினைக்க நேரமில்லை. மயிலேறிய முருகனும் ஊஞ்சலாடும் கிருஷ்ணனும், வேளாங்கண்ணி மாதாவும் மெக்காவும், தொட்டிலில் சிரிக்கிற குழந்தைகளும் பனிமலைகளும், ராகுகாலம் எமகண்டம் அட்டவணைகளும் என்று இருபது வருஷத்துக் காலண்டர் மொத்தமும் அவளுடைய ஒரே ஒரு பெட்டிக்குள்தான் குடியிருந்தன. ஆபீஸில் இருக்கிற முப்பத்தாறு மேஜைகளில் எதிலிருந்து கூப்பிட்டாலும் அந்த ஃபைல் பெட்டியை விட்டுக் கிளம்பி, கம்பி வழியாக நடந்து, கூப்பிட்டவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். முன்பெல்லாம் கூப்பிட்டு வாய் மூடுவதற்குள் வந்து நின்றன. இப்போதோ கூப்பிட்டுவிட்டு டீ குடித்து, வீட்டுக்கு போன் பேசி, பக்கத்து மேஜைக்காரியின் நாத்தனார் கதையை முழுசாகக் கேட்டு முடித்து நிமிர்ந்தாலும், திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"எங்கக்கா போச்சு இந்தக் கிருஷ்ணன்?" என்று டிசைனர் ஜெயசுதா ஹாலின் அந்தக் கோடியிலிருந்து குரல் கொடுப்பாள்.

"வந்துக்கிட்டிருக்குத்தா, கொஞ்சம் பொறு," என்பாள் கனி. நாற்பது நிமிஷம் கழித்துக் கிருஷ்ணன் வேர்த்து விறுவிறுத்து வந்து சேருவான்.

சிவகாசியில் காலண்டர் தொழில் செய்கிறவர்களுக்கு வருஷம் பிறப்பது சித்திரையிலும் இல்லை, ஜனவரியிலும் இல்லை, ஆடி பதினெட்டில்தான். அன்றைக்குத்தான் அடுத்த வருஷத்து மாதிரிகளை எல்லாம் ஆல்பமாகச் சேர்த்து, பூஜை போட்டு, ஏஜெண்டுகள் கையில் கொடுப்பார்கள், அன்றைக்கு ஆல்பம் வராத கம்பெனியை ஏஜெண்டுகள் அடுத்த வருஷம் வரைக்கும் மறந்துபோவார்கள். முதலாளி தங்கப்பழம், ஊருக்கே அண்ணாச்சி, அதட்டிப் பேசத் தெரியாத மனுஷன். அவர் அதட்டாமல் சொன்னதுதான் கனிக்கு நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

"கனியம்மா, ஆடிப்பெருக்குக்குள்ள இது சரியாகணும். ஆகலேன்னா கோயமுத்தூர்ல ஒரு கம்பெனிக்காரங்க மொத்த ஃபைலையும் அவங்க பக்கம் வச்சுப் பாத்துக்கிறோம்னு சொல்றாங்க, குடுத்துருவேன். உங்களை வீட்டுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன். பேக்கிங்ல மேற்பார்வைக்குப் போட்டுறேன்."

பேக்கிங் ஒன்றும் கேவலமான இடமில்லை, அங்கே நல்ல மனுஷிகள் இருந்தார்கள், மத்தியானம் அவர்கள் பிரித்து வைக்கிற துவையலுக்கே அங்கே போகலாம். ஆனால் பதினொரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெட்டியைத் தன் கையால் திருகாணி திருகாணியாகப் பூட்டி, முதல் முதலாக அது மூச்சு விட்டபோது பக்கத்தில் நின்று கேட்டவள் அவள். "சிஸ்டம் அக்கா" என்று ஊரில் ஒரு பேர் அவளுக்கு அதனால்தான் கிடைத்தது. அந்தக் குளிர் அறையை விட்டு வெளியேறுவதை நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதனால் அவள் பார்க்காத இடம் இல்லை. எலி கடித்திருக்குமோ என்று கேபிள்களை எல்லாம் உருவிப் புதுசு போட்டாள், கேபிள்கள் வந்து சேருகிற சுவிட்ச் பெட்டியை மாற்றினாள், டிஸ்க் ஒவ்வொன்றையும் சோதித்தாள், ஒரு மேஜைக்கு மட்டும் இப்படியா எல்லா மேஜைக்கும் இப்படியா என்று முப்பத்தாறு மேஜையிலும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள், பெரிய ஃபைல் மட்டும்தான் இழுக்கிறதா என்று பார்த்தால் எட்டு வரி எமகண்டம் அட்டவணையும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கை இருந்தது. பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்து திறந்தால் எந்த ஃபைலும் உடனே திறந்தது. சும்மா ஒரு வெற்றுச் சேதியைக் கம்பியில் அனுப்பினால் கண்ணிமைக்குள் போய்த் திரும்பி வந்தது. பெட்டி நன்றாக இருக்கிறது, பாதையும் நன்றாக இருக்கிறது, ஆனால் வாசலைத் தாண்டிப் போக வேண்டும் என்றால் மட்டும் ஃபைலுக்கு என்னவோ ஆகிவிடுகிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ஒரு நாற்காலியைப் போட்டு சர்வர் ரூம் வாசலிலேயே உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். அறைக்கு வெளியே, கேனை ஒட்டி, ஏஜெண்டுகள் உட்கார ஒரு பழைய மரப்பெஞ்சு கிடந்தது. ஜெயசுதா கிருஷ்ணனைக் கூப்பிட்டாள். பெட்டியில் பச்சை விளக்கு துடித்தது, என்னவோ ஒன்று கனியைக் கடந்து போன மாதிரி புடவைத் தலைப்பு அசைந்தது, போன சுருக்கில் அது திரும்பியும் வந்தது, வந்து பெஞ்சில் உட்கார்ந்தது. பெஞ்சு லேசாக வளைந்து கிரீச்சிட்டது. கேனின் குழாய் தன்னாலே திறந்து, டம்ளர் நிறைந்து, அண்ணாந்து குடிக்கிற உயரத்துக்கு எழுந்து, மடக் மடக்கென்று காலியாகி, வைத்த இடத்திலேயே வைக்கப்பட்டது. ஒரு பெருமூச்சு. பெஞ்சு நிமிர்ந்தது. கிருஷ்ணன் மறுபடியும் கிளம்பினான்.

கிளம்பியவன் மறுபடியும் திரும்பி வந்து மறுபடியும் தண்ணீர் குடித்தான். கனி எண்ணிக்கொண்டே இருந்தாள். ஏழாவது தடவை கிளம்பியபோதுதான் ஜெயசுதா "வந்துருச்சுக்கா" என்றாள்.

"இவங்கதான் கேனைக் காலி பண்றது," என்று கனி எழுந்துபோய் எல்லோருக்கும் சொன்னாள். ஆளாளுக்கு வந்து பார்த்துவிட்டு, அப்படியா சங்கதி, நாம இத்தனை நாளும் தகரப்பட்டைக்காரங்களைப் பேசிட்டோமே என்று வருத்தப்பட்டுக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு ஆபீஸ் ஃபைல்களைக் கவனித்த மாதிரி கல்யாண வீட்டில் சம்பந்தியைக்கூட யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தண்ணீருக்கு நாயாய் அலைகிற ஊர் அது, ஆனாலும் வாசலுக்கு வந்தவருக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத ஊர். பேக்கிங் பெண்கள் ஒரு மண்பானை வாங்கி வந்து ஈரமணலில் வைத்து வெட்டிவேர் போட்டார்கள். தொட்டில் குழந்தை ஃபைல்கள் குடிக்கும்போது பாதியைக் கீழே சிந்துகின்றன என்று ஒருத்தி தன் பேரனுடைய சின்ன டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தாள். சஷ்டியன்றைக்கு முருகன் ஃபைல்களுக்காகப் பானகம் கரைத்தார்கள், ரம்ஜானுக்கு அச்சடித்த பழைய மெக்கா ஃபைலுக்கு மிஷின் பிரிவு காதர் பாட்ஷா சப்ஜா விதை ஊறப்போட்ட தண்ணீர் வைத்தார். மாதாவும் முருகனும் மெக்காவும் பனிமலையும் அந்த ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, முந்தைய ஆள் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து குடித்தன. ஒரு நாளும் ஒரு சண்டை வந்ததில்லை. யானைமுகத்துப் பிள்ளையார் ஃபைல் உட்கார்ந்தபோது பெஞ்சின் ஒரு கால் பிளந்தது, அய்யாத்துரைதான் ஆணி அடித்துக் கொடுத்தார். 'முருகன்_புதுசு_கடைசி_இதுதான்_கடைசி' என்று ஜெயசுதா பேர் வைத்திருந்த ஃபைல் மட்டும் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது, அதற்கு வேறு ஒரு பேர் வைத்த பிறகுதான் நகர்ந்தது.

எல்லாம் சரி, ஆல்பம் நகரவில்லை. ஆடி பிறந்து நாலாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து பிரசன்னா என்று ஒரு இன்ஜினியர் வந்தார். நல்ல பிள்ளை. வந்ததும் பெஞ்சைப் பார்த்தார், டம்ளர் ஏறி இறங்குவதைப் பார்த்தார், "எனக்கும் ஒரு டம்ளர் கிடைக்குங்களாக்கா" என்று கேட்டு, வரிசையில் நின்று குடித்தார். பிறகு மடிக்கணினியை விரித்து ஒரு பகல் முழுக்கச் சோதித்தார்.

"கேபிள் நல்லாத்தானுங்க இருக்குது. டிஸ்க்கும் நல்லாருக்குது. எதுக்கு இதுங்க திரும்பித் திரும்பி வருதுன்னுதான் புரிய மாட்டேங்குதுங்க. எங்ககிட்டக் குடுத்துட்டீங்கன்னா வாசலே இல்லாம வச்சுக்குவோம். ஆடிப்பெருக்கு மத்தியானம் ஆளோட வந்து பொட்டியைக் கழட்டிக்கிறனுங்க."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். கனி பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டு, அவள் வாசற்படி இறங்கியதும் எதிர்வீட்டு சரசு கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க மதினி, காலையிலேயே கிளம்பியாச்சு?"

கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது, அது நம் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும், சரசுவுக்கும் தெரியும், கேட்டபிறகுதான் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கனிக்குப் பழக்கம்தானே, கால் தன்னாலே திரும்பியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து, செம்பில் தண்ணீர் மொண்டு அண்ணாந்தவள், பாதித் தண்ணீரில் நின்றுவிட்டாள். மூக்கில் ஏறிக்கொண்டது. இருமி, கண்ணைத் துடைத்து, "அட பாவிகளா, உங்களை யாரோ எங்கன்னு கேக்குறாங்களா" என்று வாய்விட்டே சொன்னாள்.

ஆபீஸில் விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் அவரவர் தலையில் அடித்துக்கொண்டார்கள். கேட்காதவர் யார் இருந்தார்கள். எங்க போச்சு கிருஷ்ணன், எங்கக்கா மாதா, எங்க தொலைஞ்சுது இந்தக் குழந்தை என்று முப்பத்தாறு மேஜையும் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அதைத்தானே கத்திக்கொண்டிருந்தன. அண்ணாச்சி அன்றைக்கே கூடத்தில் நின்று, இன்னைக்கிலருந்து இந்த ஆபீஸ்ல 'எங்க' என்ற சொல் கிடையாது என்று சொல்லிவிட்டார். கேட்டே ஆக வேண்டும் என்றால் நாகரிகம் தெரிந்தவர்கள் கேட்கிற மாதிரி 'தூரமா' என்றுதான் கேட்க வேண்டும். "கிருஷ்ணன் தூரமாக்கா?" என்று ஜெயசுதா பாட்டுப் பாடுகிற குரலில் கேட்க ஆரம்பித்தாள். ஃபைல்களிடம் மட்டும் அப்படிப் பேசினால் போதாதென்று மனுஷர்களிடமும் அதுவே தொற்றிக்கொண்டது. கத்தரிக்கோல் தூரமா, ஸ்டேப்ளர் தூரமா, பாத்ரூம் சாவி தூரமா என்றெல்லாம் கேட்டார்கள். புரூப் ரீடர் இன்னாசி சார் நாற்பது வருஷமாகப் பிழை திருத்தியவர், 'எங்கள் நிறுவனம்' என்று அச்சில் வந்த இடத்தில்கூட ஒரு கணம் தயங்கி, சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டு, பிறகு அந்த வட்டத்தை அடித்தார்.

நாற்பது நிமிஷம் முப்பத்தைந்தாயிற்று. அதற்குமேல் குறையவில்லை.

ஆபீஸ் முழுக்க வாயைக் கட்டியாயிற்று, பிறகும் கேட்பது யார் என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கனி மட்டும் யாரையும் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கேட்டுக்கொண்டிருந்தது அவள்தான்.

அது போன மார்கழியில் நடந்த சங்கதி. ஒரு நகைக்கடைக்கு அடித்த காலண்டரில் பிப்ரவரிக்கு முப்பது நாள் வந்துவிட்டது. யாரோ பழைய ஃபைலைத் திறந்து மேலே எழுதி மூடியிருந்தார்கள். அண்ணாச்சி கூடத்தில் எல்லோரையும் நிற்கவைத்து, "சர்வர் யார் பொறுப்பு?" என்று கேட்டார், அவ்வளவுதான் கேட்டார், ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு வந்த அமைதியில் நாற்பது பேரும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், தான் இல்லை என்று சொல்ல அவள் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. கோபமும் அவமானமுமாக அவள் பொங்கலுக்கு முன்னால் ஒரு காவல்காரனை எழுதி வாசலில் நிறுத்தினாள். அவன் ஒரு சின்ன புரோகிராம். பெட்டியை விட்டுக் கிளம்புகிற ஒவ்வொரு ஃபைலையும் மறித்து, யார் கூப்பிட்டது, எங்கே போகிறாய் என்று கேட்டு எழுதிக்கொள்வான். சாயங்காலமானால் அவள் அதை அச்செடுத்து, படித்துக்கூடப் பார்க்காமல் தேதி போட்டு, மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவாள். தையிலும் மாசியிலும் வேலை குறைவு, ஃபைல்கள் நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனதை யாரும் கவனிக்கவில்லை. ஆல்பம் வேலை சூடு பிடித்தபிறகு, திரும்பி வந்து குடித்துவிட்டுக் கிளம்புகிற ஃபைலை அவன் மறுபடியும் எங்கே என்று கேட்டான், அது மறுபடியும் திரும்பியது, கடைசியில் அவன் வேறொரு ஃபைலைக் கேட்டுக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து அது நைசாக நழுவிப் போக வேண்டியிருந்தது.

அவனை எடுத்துவிட்டால் ஃபைல்கள் ஓடிவிடும். அது தெரிந்தும் இரண்டு நாள் அவள் எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் நாளைக்கு இன்னொரு பிப்ரவரி முப்பது வந்து நிற்கும்போது எதைக் காட்டுவது. அந்தத் தாள்கள் இருந்ததனால்தான் ஏழு மாசமாக அவள் நிம்மதியாகத் தூங்கினாள். வைத்துக்கொண்டாலோ ஆடிப்பெருக்கன்றைக்கு அறையே போய்விடும். இரண்டு நாளும் அவள், ஜெயசுதா "தூரமா" என்று கேட்கிறபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில் ஹால் காலியாக இருந்தது. கனி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தயிர்ச்சோற்றைத் திறந்தாள். பக்கத்தில் வந்து ஒன்று உட்கார்ந்தது. பெஞ்சு அசையவே இல்லை, அவ்வளவு லேசு. எட்டு வரி எமகண்டம் அட்டவணையாகத்தான் இருக்கும். டம்ளர் எழுந்தது, பாதி உயரத்தில் நடுங்கியது, குடிக்காமலே கீழே வந்தது. எத்தனை தடவைதான் குடிக்கும் பாவம், வயிறு நிறைந்திருக்கும். எழுந்து போனது, வாசலில் நின்றது, திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. அவளுக்குத் தாங்கவில்லை. "போதும், போதும், என்னை மன்னிச்சுரு," என்று சொல்லி, கையைக்கூடக் கழுவாமல், சர்வர் ரூமுக்குள் போய் இடது கையால் கீபோர்டைத் தட்டித் தட்டிக் காவல்காரனை எடுத்துவிட்டாள். பெஞ்சில் இருந்தது விருட்டென்று எழுந்து போயிற்று. அதன்பிறகு அவள் தயிர்ச்சோற்றை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள்.

இரண்டு மணிக்கு ஜெயசுதா கிருஷ்ணனைக் கூப்பிட்டுவிட்டு, டீ குடிக்கலாம் என்று நாற்காலியைத் தள்ளினாள், தள்ளியவள் அப்படியே உட்கார்ந்துகொண்டாள். கிருஷ்ணன் வந்து நின்றான். ஊஞ்சல் கயிற்றின் இழைகூடத் தெளிவாகத் தெரிந்தது. மேஜைக்கு மேஜை அதேதான். வரச் சொன்னது வந்தது, போகச் சொன்னது போனது, டீ ஆறிப்போனது, நாத்தனார் கதைகள் நடுவிலேயே நின்றன, பன்னிரண்டு நாள் வேலையை ஆறு நாளில் முடித்தார்கள். கேன் சாயங்காலம் வரைக்கும் தாக்குப்பிடித்தது. பேக்கிங் பெண்களுக்குத்தான் ஏமாற்றம். பானையில் தண்ணீர் அப்படியே இருக்கிறது, வந்தவர்களைச் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று கேட்டார்கள். பிள்ளையார் மட்டும் வழக்கத்தை விடாமல் பதினோரு மணிக்கு ஒருதரம் வந்து குடித்துவிட்டுப் போகிறார் என்று கனி சொன்ன பிறகு சமாதானம் ஆனார்கள்.

காவல்காரனை எடுத்ததை மட்டும் கனி யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி பதினெட்டு காலை. கூடத்தில் மாவிலை, வாழைக்கன்று, அடுக்கி வைத்த நூறு ஆல்பம், பின்கட்டிலிருந்து புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் தாளிக்கிற வாசனை. ஏஜெண்டுகள் பன்னிரண்டு மணிக்கு வருவார்கள். சூடம் காட்டி முடித்து, முதல் ஆல்பத்தைக் கையில் வாங்கிய அண்ணாச்சி, சந்தனம் ஒட்டிய விரலால் தாளைத் தாளாகப் புரட்டிக்கொண்டே வந்தவர், ஒரு தாளில் நின்றார்.

"இது என்ன. ஆடிப்பெருக்கு ஆடி பதினேழுல நிக்குது."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த வருஷத்து ஆடிப்பெருக்கு ஒரு கட்டம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

"முந்தாநாள் நான் பாக்கும்போது சரியாத்தான் இருந்துச்சு. கடைசியா இதை யாரு திறந்தது?"

மார்கழியில் மாதிரியே அத்தனை கண்ணும் கனியின் பக்கம் திரும்பின. அவள் கை இழுப்பறையைத் தேடிப் பாதி தூரம் போய்விட்டது. உள்ளே இந்த வாரத்துத் தாள் கிடையாது. பேக்கிங் பிரிவின் கதவு கண்ணுக்குள் வந்து போயிற்று.

"தெரியாது அண்ணாச்சி," என்றாள். "இப்ப நான் எதையும் எழுதி வைக்கிறதில்ல. அதுகளை வாசல்ல மறிச்சு எங்கன்னு கேட்டுக்கிட்டு இருந்தது நான்தான். மார்கழியில எல்லாரும் என்னையப் பாத்தீங்கல்ல, அந்தப் பயத்துல ஒரு புரோகிராம் எழுதி நிறுத்தினேன். அதனாலதான் இத்தனை நாளும் இழுத்துச்சு. போன வாரம் எடுத்துட்டேன். உங்ககிட்டச் சொல்லாதது என் தப்பு."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்ல நினைத்தாரோ, அதற்குள் இன்னாசி சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான்தான் அண்ணாச்சி திறந்தது. நேத்து கடைசியா ஒருதரம் பாத்துருவோம்னு கூப்பிட்டேன், உடனே வந்துருச்சா, வந்த சந்தோஷத்துல, கட்டம் தள்ளி நிக்குதேன்னு நகத்தச் சொல்லிட்டேன். சரியா இருந்ததைத் தப்பாக்கினது நான்."

"சார் சொன்னாங்க, நகத்தினது நான்," என்றாள் ஜெயசுதா.

"அச்சு பிளேட்டுல பாக்கையில எனக்கும் உறுத்துச்சு," என்றார் காதர் பாட்ஷா. "சார் பாத்ததுதானேன்னு ஓட்டிட்டேன்."

"நாங்க ஆல்பம் கோக்கும்போதே பாத்தோம் அண்ணாச்சி," என்று பேக்கிங் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது, "அடுத்த வருசம் ஒரு நாள் முந்தி வருது போலன்னு நெனச்சுக்கிட்டோம்."

"போதும் போதும்," என்று அண்ணாச்சி கையெடுத்துத் தடுத்தார். "ஊரே ஒத்துக்கிட்டா நான் யாரைத் திட்டுறது?"

கனி நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அது சந்தோஷம்தானா என்று கொஞ்ச நேரம் சந்தேகமாகவும் இருந்தது. இழுப்பறை நிறைய அடுக்கிய தாள்களில் ஒன்றுகூட ஒருவர் வாயிலிருந்தும் 'நான்தான்' என்று வரவழைத்ததில்லை. இன்றைக்கும் தாள் இருந்திருந்தால் அவள் அதை நீட்டியிருப்பாள், இன்னாசி சார் தலையைக் குனிந்துகொண்டிருப்பார், அவ்வளவோடு முடிந்திருக்கும். மார்கழியில் அதைச் செய்தது யார் என்று இன்றுவரை தெரியாது, அதற்குப் பிறகு அவள் யாரிடமும் கேட்கவும் இல்லை.

அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஒன்பதே கால். அந்த ஃபைலு வந்து, திருத்தி, ஒரு தாள் ஓட்டி, நூறு ஆல்பத்துலயும் மாத்தணும். வர்றதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"வந்துருச்சு அண்ணாச்சி," என்றாள் ஜெயசுதா. அவள் எப்போது மேஜைக்குப் போனாள் என்றே யாரும் பார்க்கவில்லை.

பதினொன்றரைக்கு நூறு ஆல்பத்திலும் ஆடிப்பெருக்கு அதன் இடத்தில் இருந்தது. பன்னிரண்டுக்கு வந்த ஏஜெண்டுகள் புரட்டிப் பார்த்து, பரவாயில்லை அண்ணாச்சி இந்த வருஷம் முருகன் நல்லா அமைஞ்சிருக்காரு என்று சொல்லி, இலையில் உட்கார்ந்தார்கள். ஒரு மணிக்கு, வேண்டாம் என்று யாரும் சொல்லி அனுப்பாததால், சொன்ன சொல் தவறாமல் பிரசன்னா இரண்டு ஆளோடும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடும் வந்து சேர்ந்தார். வந்தவர்களையும் பந்தியில் உட்காரவைத்தார்கள். புளியோதரை பரிமாறிக்கொண்டு வந்தது கனி.

"பொட்டியைச் சாப்பிட்டதும் கழட்டிரலாங்களா?" என்று பிரசன்னா பந்தியைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்.

"பொட்டி இங்கதான் இருக்கும் தம்பி. நான் பாத்துக்கிறேன்."

சொன்னது யார் என்று பந்தியே நிமிர்ந்து பார்த்தது. கரண்டியைக் கையில் பிடித்தபடி கனியும் தான் சொன்னதைக் கேட்டு ஒரு கணம் திகைத்து நின்றாள்; பிறகு அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அப்பளத்தை நொறுக்கிச் சாதத்தில் போட்டுக்கொண்டே, "கேட்டீங்கல்ல தம்பி," என்றார், "அவங்க பாத்துக்கிறாங்களாம். நீங்க நல்லாச் சாப்பிடுங்க."